ஆடு தின்ற டயர்

அன்று காலை பதினொரு மணிக்கு வாலிநோக்கம் உப்புக் கிடங்கின் வாசலில் இருந்தவர்கள்:

நாகேந்திரன், கிடங்கின் முதலாளி. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

சப்-இன்ஸ்பெக்டர் சிநேகா. வேலைக்கு வந்து இரண்டு வருடம். கையில் ஒரு கோப்பு, பூட்டிக் கிடக்கும் கிடங்கின் சாவி.

யுவராணி, உப்பளத் தொழிலாளி. மே பதினெட்டாம் தேதி வரை கூத்தையாவின் மனைவி.

ஹமீதா பானு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார்; வந்தது யுவராணிக்காக.

அசாருதீன், பானுவின் உதவியாளன்; அவரை அக்கா முறைக்கு 'லாத்தா' என்பான். வளைகுடாவில், தம்மாமில், ஆறு வருடம் டயர் கழற்றியவன். வாயை மட்டும் கழற்றி வைக்கத் தெரியாது.

ஒரு வெள்ளை மின்சாரக் கார். நாகேந்திரனுடையது. நான்கு தடித்த டயர்கள், ஆழமான பள்ளங்களோடு.

வர முடியாதவர்: கூத்தையா, கிடங்கின் காவலாளி.

மே பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை. உப்பளத்துக்கு விடுமுறை. பகல் பன்னிரண்டரைக்குக் கூத்தையா மனைவியிடம் போனில் பேசினார். ஒரு மணிவாக்கில் யாரோ அவரைக் கிடங்குக்குள் விட்டு வெளியே பூட்டினார்கள். போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். தகரக் கூரை, இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறந்தபோது, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் வாயை வைத்தபடி செத்துக் கிடந்தார். பத்தொன்பது மணி நேரம்.

அந்தத் திங்கட்கிழமைதான் அவர் வனத்துறை அலுவலகத்துக்குப் போவதாக இருந்தது. பிடிக்கவே தடையுள்ள கடல் அட்டை உப்பு மூட்டைகளுக்கு அடியில் பதுக்கப்படுவதைச் சொல்ல. பதுக்கியவர் முதலாளி.

ஆனால் முதலாளி அன்று ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். காலை பத்து மணிக்கு முழு சார்ஜோடு கார் வெளியே போனது, மாலை நான்கு மணிக்குத் திரும்பியது. இரண்டும் லாட்ஜ் வாசல் கேமராவில் இருந்தன. இடைப்பட்ட ஆறு மணி நேரமும் அரிச்சல்முனைக் கடற்கரையில் காரை நிறுத்தி, ஏசி போட்டுப் படுத்திருந்ததாகச் சொன்னார். போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மாவட்டத்தில் எந்த சார்ஜ் நிலையத்திலும் அன்று அந்தக் கார் நிற்கவில்லை.

லாட்ஜிலிருந்து கிடங்கு தொண்ணூற்றேழு கிலோமீட்டர். போய் வர நூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஜூலையில் சிநேகாவே காரை முழு சார்ஜ் ஏற்றி அதே பாதையில் ஓட்டிப் பார்த்தாள். திரும்பி வரும்போது உச்சிப்புளியில், நூற்று அறுபதாவது கிலோமீட்டரில், கார் செத்துப்போனது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

போக முடியாத கார் போயிருக்காது. கோப்பில் அப்படித்தான் எழுதினார்கள். உள்ளே ஆள் தூங்குவது தெரியாமல் யாரோ பூட்டிவிட்டார்கள். போனை அவரே எங்கோ தொலைத்திருப்பார். விபத்து.

"நாலு மணிக்கு சாவியக் குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கணும். அதோட கோப்பு முடிஞ்சிரும்," என்றாள் சிநேகா. "ஏதாவது இருந்தா அதுக்குள்ள கொண்டாங்க, பானு மேடம்."

"அதுவரைக்கும் நான் எதுக்கு வெயில்ல நிக்கணும்?" என்றார் நாகேந்திரன். "சாப்பிட்டுட்டு வாரேன்."

"எத்தன மணிக்குச் சாப்புடுவீக?" யுவராணி கேட்டாள்.

"ஏன்?"

"எங்க வீட்டுக்காரரு கடைசியாச் சாப்பிட்டது ஞாயித்துக்கெழம காலைல. அதான் கேட்டேன்."

நாகேந்திரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அசாருதீன் காரின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் விலாவைத் தடவிப் பார்த்தான். "லாத்தா, இதப் பாருங்க. பூஜ்யம் ஆறு, ரெண்டு அஞ்சு. இருபத்தஞ்சாம் வருசத்துல ஆறாவது வாரம். பிப்ரவரியில பொறந்த டயர்."

"நீங்க எப்ப மாட்டினீங்க?" பானு நாகேந்திரனைக் கேட்டார்.

"மார்ச்ல. உப்பளத்துக்குள்ள பழைய டயர் சறுக்குச்சு. பெரிய ரிம்மும் தடி டயரும் போட்டேன்."

அசாருதீனின் முகம் தொங்கிப்போனது. பிப்ரவரியில் பிறந்தது மார்ச்சில் மாட்டப்படலாம். எங்கும் இடிக்கவில்லை.

நாகேந்திரன் சிரித்தார். "அந்த நம்பர போலீசு மூணு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கு, தம்பி."

"பொறந்த தேதி சரிதான். எனக்கு வேலைக்குச் சேந்த தேதி வேணும்," என்றார் பானு. "கழட்டின டயர் எங்க?"

"ராமநாதபுரத்துல எம் மச்சான் கடையில மாத்தினேன். பழசு குப்பைக்குப் போச்சு."

அசாருதீன் நிமிர்ந்து பானுவைப் பார்த்தான். பானு அவனைப் பார்க்கவில்லை. தன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"நானும் வாரேன்," என்றாள் யுவராணி.

பானுவின் பழைய பெட்ரோல் கார் கீழக்கரையைத் தாண்டியது. அதற்கு மேல் அசாருதீனால் தாங்க முடியவில்லை.

"குப்பைக்குப் போச்சாம்! இந்தக் கடற்கரையில குப்பைத்தொட்டிக்குள்ள டயரப் பாத்தவன் ஒருத்தன் இருந்தாக் காட்டுங்க, லாத்தா. பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கிறது ஈசி. படகுக்குப் பழைய டயர் கிடைக்கிறது கஷ்டம்."

அது உண்மை. துறையில் படகும் படகும் இடித்துக்கொள்ளாமல் இருக்க விலாவில் டயர் கட்டுவார்கள். டயர் கடைக்காரர்களிடம் சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள்.

"டயருக்கும் சார்ஜுக்கும் என்னக்கா?" யுவராணி பின்சீட்டிலிருந்து கேட்டாள். "நான் படிச்சவ இல்ல. வெளங்கச் சொல்லுங்க."

"உப்பு அள்ளுற தள்ளுவண்டி தள்ளிருக்கியா?"

"பதினாலு வயசுல இருந்து."

"எந்தச் சக்கரம் லேசாப் போகும்?"

யுவராணி யோசிக்கவே இல்லை. "கட்டியா, ஒல்லியா இருக்கிற சக்கரம். தடியா, மெத்துமெத்துன்னு இருந்தா மண்ணக் கவ்விக்கிட்டு நகராது. சாயங்காலம் இடுப்பு ஒடிஞ்சிரும்."

"அவ்வளவுதான். ஒல்லி டயர் போட்டுத்தான் கம்பெனி இந்தக் காரை அனுப்புது. பாரமான ரிம்மு, பள்ளம் பள்ளமான தடி டயர் மாட்டினா அஞ்சுல ஒரு பங்கு தூரம் கொறஞ்சிரும். உனக்கு இடுப்பு ஒடியுது. காருக்கு பேட்டரி ஒடியுது."

"சிநேகா மேடம் ஓட்டினது தடி டயர்ல," என்றாள் யுவராணி மெதுவாக. "அன்னைக்கு அவன் ஒல்லி டயர்ல வந்திருந்தா..."

"வந்துட்டுப் போயிருக்கலாம். ஆனா மார்ச்லயே மாத்திட்டேங்கிறான். மச்சான்காரனும் ஆமாங்கிறான்."

"பொய்யி."

"பொய்யின்னு எனக்கும் தெரியும்." பானு தன் போனில் இருந்த ஒரு படத்தைப் பின்னால் நீட்டினார். லாட்ஜ் கேமரா, மாலை நான்கு மணி; உயரத்திலிருந்து எடுத்தது, சக்கரங்கள் தெரியவில்லை. காரின் நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. ஓட்டுபவரின் சட்டை வேர்வையில் தோளோடு ஒட்டியிருந்தது. "ஆறு மணி நேரம் ஏசியில படுத்திருந்தவன், மே மாச வெயில்ல, ஏன் கண்ணாடிய எறக்கிட்டு வாரான்?"

"கடல் காத்து வாங்கிருப்பான்," என்றான் அசாருதீன்.

"சார்ஜ் தீரப் போறவன்தான் ஏசிய அணைப்பான். ஆனா வேர்வைய கோர்ட்ல சாட்சியா ஏத்துக்க மாட்டாங்க. டயர் வேணும்."

ராமநாதபுரத்தில் மச்சானின் டயர் கடைக்கு எதிரே, ஒரு ஜூஸ் கடை நிழலில் காரை நிறுத்தினார். அசாருதீன் போனை எடுத்து, கடைப் பலகையில் இருந்த எண்ணுக்கு அடித்தான். குரலை இரண்டு மடங்கு உயர்த்தினான். கடலில் இருப்பவன் கரைக்குப் பேசுவது போல.

"அண்ணே! தொண்டியில இருந்து பேசுறேன்! போட்டுக்கு டயர் வேணும்ணே! இருக்கா?"

எதிரே கடைக்குள் தொப்பை வைத்த ஒருவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். "ஏலே, மெதுவாப் பேசு! டயரு இல்ல. வர்றதெல்லாம் திருப்பாலைக்குடி அப்துல் ஹமீது பாய்க்குத்தான் போகுது. ரெண்டு வருசமா அவருதான் எடுக்காரு."

"எனக்கு நாலே நாலு போதும்ணே!"

"அவருட்டப் போயிக் கேளு. ஜூன்ல நாலு குடுத்தேன், அதுக்கே இன்னும் திட்டிக்கிட்டுக் கெடக்காரு."

அசாருதீன் போனை வைத்தான். "லாத்தா, இவன் அவனுக்கு மச்சான் இல்ல. நமக்கு மச்சான்."

திருப்பாலைக்குடித் துறையில் அப்துல் ஹமீது வலை பிரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. டயர் என்ற சொல்லைக் கேட்டதும் வலையைக் கீழே போட்டார்.

"டயர்க் கடைக்காரனா அனுப்பினான் உங்கள? அதக் கேக்க வந்தீங்கன்னா நான் சொல்றத மொதல்லக் கேளுங்க. டயரா அது? மெத்தை!"

படகின் விலாவில் தொங்கிய டயர்களில் ஒன்றைக் காட்டினார். ஒல்லியான டயர். உள்பக்கம் முழுக்க ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டியிருந்தது. கடல் தண்ணீரைக் குடித்து ஊதி, நாறிக்கொண்டிருந்தது.

"எந்த ஊர்லயாவது டயருக்குள்ள பஞ்சு வைப்பானா? தண்ணியக் குடிச்சுக் குடிச்சு கல்லு மாதிரி கனக்குது. ஒண்ணு கயித்த அத்துக்கிட்டுக் கடலுக்குள்ள போயிருச்சு."

அசாருதீன் ஸ்பாஞ்சை விரலால் அமுக்கினான். தண்ணீர் வழிந்தது. பெரியவரை அண்ணன் முறைக்குக் காக்கா என்று அழைத்தான். "மின்சார வண்டி டயர், காக்கா. இஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில டயர் சத்தம்தான் காதுல விழும். அதான் உள்ள பஞ்சு வெச்சு வாயப் பொத்துறாங்க. எங்க லாத்தா கூட என் வாய்க்கு ஒண்ணு வாங்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க."

"எப்ப வாங்கினீங்க?" பானு கேட்டார்.

"ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் முன்னாடி."

"நல்லாத் தெரியுமா? மார்ச் இல்லையே?"

கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்த அவருடைய மனைவி காலிதா சிரிக்க ஆரம்பித்தார். "ஊருக்கே தெரியும்மா. ஆட்டுக் கதையச் சொல்லுங்களேன் அவங்கள்ட்ட."

"நீ சும்மா இரு."

"என்ன ஆடு?" என்றான் அசாருதீன்.

அப்துல் ஹமீது பெருமூச்சு விட்டார். "பெருநாளுக்கு அறுத்துக் குர்பானி குடுக்க ராமநாதபுரம் சந்தையில ஒரு கிடா வாங்கினேன். திரும்புற வழியில டயர்க் கடைக்காரன் கூப்பிட்டான், நாலு டயர் இருக்கு வாங்கன்னு. ஆட்டத் தூண்ல கட்டிட்டு நின்னேன். அவன் கழட்டிப் போட்ட மொத டயருக்குள்ள ஆடு வாய விட்டிருச்சு. ஒரு முழம் பஞ்சத் தின்னுருச்சு! குர்பானி ஆட்டுக்குக் குறை இருக்கக் கூடாது. வயித்துக்குள்ள பஞ்சோட இருக்கிற ஆடு ஆகுமா ஆகாதா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு போட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன்."

"ஹஜ்ரத்துக்கு அனுப்புறேன்னு ஜமாத் குரூப்ல போட்டுட்டாரு," என்றார் காலிதா. "முந்நூறு பேரு. இன்னைக்கு வரைக்கும் என்னைய 'பஞ்சுக் கிடா வீடு'ன்னுதான் கூப்புடுறாங்க."

"ஹஜ்ரத் என்ன சொன்னாரு?"

"நடக்குதா, திங்குதான்னு கேட்டாரு. டயர் வரைக்கும் திங்குதுன்னேன். அப்பக் குறையில்லன்னுட்டாரு."

அசாருதீன் மணலில் உட்கார்ந்து சிரித்தான். யுவராணி சிரிக்கவில்லை. அவள் அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண் பாதையில் உருண்டு வந்து, தன் புருஷனைப் பூட்டிவிட்டு, உருண்டு போன டயர்.

"அந்த போட்டோ இருக்கா, காக்கா?" என்றார் பானு.

இருந்தது. ஜூன் மூன்று, மாலை ஐந்து இருபது. பானு திரையில் இரண்டு விரல்களை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார்.

"டயர ஏத்து, அசாரு. காக்கா, நீங்களும் வாங்க."

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது கிடங்கு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்துல் ஹமீதும் டயரும் காரிலேயே இருந்தார்கள். நாகேந்திரன் வெற்றிலை போட்டிருந்தார்.

"ஒண்ணும் கிடைக்கலையா?" என்றாள் சிநேகா. அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"அவர் வாக்குமூலத்துல ஒரு வரி சேத்துக்கங்க, மேடம். டயர மார்ச்ல மாத்தினேன், மே பதினெட்டாம் தேதி ஓடினதும் இதே டயர்தான்னு. அவரே கையெழுத்துப் போடட்டும்."

"நூறு தடவ போடுறேன்," என்றார் நாகேந்திரன். போட்டார். சாவியை வாங்கிக்கொண்டு போய், தானே பூட்டைத் திறந்து, சாவியோடு கொண்டியில் தொங்கவிட்டார். இரும்புக் கதவு அலறித் திறந்தது. கூத்தையா கிடந்த இடத்தின் மேல் கால் வைத்து உள்ளே நடந்தார்.

இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "உப்பெல்லாம் கட்டி தட்டிப் போச்சு. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீங்கதான்," என்றார் பானு வாசற்படியில் நின்று. "அசாரு, உருட்டு."

ஒல்லி டயர் வாசற்படியைத் தாண்டி உள்ளே உருண்டது. அவர் காலடியில் போய்ச் சரிந்தது. ஸ்பாஞ்சிலிருந்து கடல் தண்ணீர் வடிந்து சிமென்ட் தரையில் பரவியது.

நாகேந்திரன் குனிந்து பார்த்தார். நிமிர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"போன வாரம் இதே மாதிரி கார் ஒண்ண இரவல் வாங்கினேன்," என்றார் பானு. "கம்பெனி டயரோட. லாட்ஜ்ல இருந்து இங்க வந்து திரும்பிப் போனேன், கண்ணாடிய எறக்கிட்டு. லாட்ஜ் வாசல்ல மூணு சதவீதம் மிச்சம் இருந்துச்சு."

"நான் பக்கத்துல உக்காந்து பாதி கரைஞ்சு போனேன்," என்றான் அசாருதீன். "அந்தக் கணக்கத் தனியாப் பேசணும்."

சிநேகா கோப்பை மூடினாள். "அப்ப நான் ஓட்டினது?"

"கார் அதே கார்தான், மேடம். கால் வேற. ஆளப் பூட்டிட்டுப் போனதுக்கு அப்புறம், போக முடியாத காலா பாத்து மாட்டிட்டாரு. பிப்ரவரி நம்பர் போட்ட டயரத் தேடி வாங்கினதுதான் கெட்டிக்காரத்தனம்."

"இந்தா பாரு," என்றார் நாகேந்திரன். "பழைய டயரு மச்சான் கடையில மூணு மாசம் கெடந்திருக்கும். அவன் ஜூன்ல குடுத்தா நான் என்ன செய்ய?"

"ஜூன்ல குடுத்தாருன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே."

நாகேந்திரன் உப்பு மூட்டைகள் பக்கம் ஓர் அடி பின்வாங்கினார்.

பானு போனைச் சிநேகாவிடம் கொடுத்தார். "ஆட்டப் பாக்காதீங்க. ஆட்டுக்குப் பின்னால பாருங்க."

திரையில் ஒரு கிடா, வாயில் கறுப்பு ஸ்பாஞ்ச். அதற்குப் பின்னால் தூக்கி நிறுத்தப்பட்ட ஒரு வெள்ளைக் கார். மூன்று சக்கரங்கள் கழன்றிருந்தன. நான்காவது ஒல்லி டயர் இன்னும் காரிலேயே இருந்தது. நம்பர் பலகை, நான்கு எண்களும் தெளிவாக. அதன் அருகில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர், ஆட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஜூன் மூணு. கழட்டும்போதே நான் நின்னேன், மேடம்," என்றார் பின்னால் வந்து நின்ற அப்துல் ஹமீது. "இவருதான். எங்க ஆட்டப் பாத்து அந்தச் சிரிப்புச் சிரிச்சாரு."

சிநேகா உள்ளே போய் நாகேந்திரனின் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து தன் போனில் போலீஸ் ஜீப்பை அழைத்தாள். "சாயல்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கு. முக்கால் மணி நேரமாகும்."

நாகேந்திரனின் வாயோரம் வெற்றிலைச் சாறு வழிந்தது. அவர் பானுவையோ சிநேகாவையோ பார்க்கவில்லை. யுவராணியைப் பார்த்துப் பேசினார். "நான் கொல்லணும்னு வரல, தாயி. சும்மா பயங்காட்டத்தான் பூட்டினேன். சாயங்காலம் ஆள் அனுப்பித் தொறந்து விடச் சொல்லலாம்னுதான்..."

"யார அனுப்புனீக?" என்றாள் யுவராணி.

அவர் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் யார அனுப்புனீக? பேரச் சொல்லுங்க."

பெயர் வரவில்லை.

யுவராணி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். கதவின் கீழ் இடுக்குக்கு நேரே, வெளிப்பக்கம், ஒரு முழம் தள்ளி வைத்தாள். உள்ளே படுத்துப் பார்த்தால் தெரியும். கை எட்டாது.

"யுவராணி," என்றார் பானு.

"ஜீப்பு வரட்டும்க்கா." யுவராணியின் கை கொண்டியில் தொங்கிய பூட்டின் மேல் இருந்தது. " அப்பத் தாரேன் சாவிய. என்னையக் காக்க வெச்ச மாதிரி திங்கட்கெழம வரைக்கும் யாரையும் காக்க வைக்க மாட்டேன்."

பானு சிநேகாவைப் பார்த்தார். சிநேகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கோப்பைத் திறந்து, நேரம் நாலு பன்னிரண்டு என்று எழுதினாள். ஏதோ சொல்ல வந்த அசாருதீன், வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லாமல் விட்டான்.

நாகேந்திரன் வாசலை நோக்கி ஓடி வந்தார். தரையில் பரவியிருந்த கடல் தண்ணீர் காலை வாரியது. அவர் எழுவதற்குள் யுவராணி இரண்டு கைகளாலும் கதவை இழுத்தாள். இரும்பு இரும்போடு மோதியது. கொண்டியை மாட்டினாள். பூட்டை அமுக்கினாள். சாவியைத் திருப்பி உருவிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து முதல் அடி கதவில் விழுந்தது.

அவள் பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நன்றாகப் பூட்டியிருந்தது.